மடியான சொல், விழுப்பான சொல்

ஐம்பதைத் தாண்டியவர்களோடு மட்டும் பேசுகிறேன். மற்றவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பினால் அதைவிட மோசம். நமக்கெல்லாம் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே மடக்கென்று ஒரு சத்தம். பழைய வெட்கங்களும் அப்படித்தான். பாண்டி பஜாரில் பருப்பு வாங்கிக்கொண்டிருப்போம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள், உள்ளே மடக்கென்று ஒன்று மடங்கும்.

எனக்கு அப்படி மடங்குவது ஒரு கோடை விடுமுறை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் அதை 'ஹாலிடே' என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல்லுக்குள் வேறு மதத்துப் புனித நாள் ஒன்று ஒளிந்திருக்கிறதாம். 'லீவு' என்று சொல்லிக்கொள்ளலாம். தீர்ப்பு வழங்கியவர் பெரியப்பா.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தோம். நீளமான வீடு, குறைவான வெளிச்சம். பெரியப்பா, அப்பா, அம்மா, அத்தை, நான். கூடத்தின் உத்தரத்தில் மூங்கில் கொடி தொங்கும். அதில் மடித்துணி உலரும். குளித்துவிட்டு யாரும் தொடாமல் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டால் மடி. சாதாரணமாக இருப்பதற்குப் பெயர் விழுப்பு. கிட்டேயே வரக்கூடாதது தீட்டு. உலகத்தையே இந்த மூன்று அலமாரிகளில் அடுக்கிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. பெரியப்பாவுக்கு அறுபது. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கணக்கு ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலமெல்லாம் மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்த மனிதருக்குத் திடீரென்று காகிதம் வருவது நின்றுபோயிற்று. எதையாவது திருத்தாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து லஸ் முனை நடைபாதையில், அட்டை போன ஒரு ஆங்கில அகராதி அவர் கண்ணில் பட்டது. தலையணைக் கனம். திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தத்தைப் பெரிய எழுத்திலும், அது எங்கிருந்து வந்தது என்ற பூர்வீகத்தைப் பொடி எழுத்திலும் போட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு வரன் பார்க்கிற விஷயத்திலும் பூர்வீகம்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அகராதி அவருக்காகவே அச்சடித்தது போல் இருந்தது.

ஒரே சங்கடம், கண்ணில் புரை. பொடி எழுத்து தெரியாது. எனக்குத் தெரிந்தது. அதனால் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

சாயங்காலம் சந்தியாவந்தனம் முடித்து, ஈரத் திருநீறு நெற்றியில் வெளுத்து வரும்போது சபை கூடும்.

"ஷுகர்?"

"சமஸ்கிருதம்னு போட்டிருக்கு பெரியப்பா. சர்க்கரா."

"மடி. ஆரஞ்ச்?"

"அதுவும் நம்மூர்தான். நாரங்கம்."

"மடி. சாட்டர்டே?"

"சனி கிரகம்."

"நம்ம சனீஸ்வரன். எள்ளு தீபம் போடற நாள், அது எப்படி விழுப்பாகும்? மடி."

"தர்ஸ்டே, அந்த நாட்டுல ஏதோ இடி சாமியாம்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இந்திரன்தான். அங்க போய்ப் பேரை மாத்திண்டு உக்காந்திருக்கான். விழுப்பு. குளிச்சுட்டு வந்தா சேத்துக்கலாம்."

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முகம் தெரியாது, பேப்பர் மட்டும் குலுங்கும்.

'காஸிப்' என்ற சொல்லுக்குப் பூர்வீகம் பார்த்தபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது கூட நிற்கிற உறவு என்று இருந்தது. உடனே தீட்டு. அடுக்களையிலிருந்து அம்மா தலையை நீட்டினாள்.

"வம்பு?"

"வம்பு தமிழ். தாராளமா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வாய்க்கு வந்த சொற்களெல்லாம் தீர்ந்த பிறகு 'ஏ'யிலிருந்து வரிசையாக ஆரம்பித்தோம். 'சி' எழுத்தில் காபி வந்தது. அரபு தேசத்துச் சொல், துருக்கி வழியாக வந்தது என்று நான் கணீரென்று படித்தேன். பேப்பர் குலுங்குவது நின்றது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியப்பாவின் கையில் அப்போது இரண்டாம் டோஸ், நுரை அடங்காமல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது வார்த்தையில்லைடி. பதார்த்தம். பக்கத்தைத் திருப்பு."

இதுவரை நீங்கள் சிரிக்கலாம். நானும் எத்தனையோ கல்யாணப் பந்தியில் இந்த இடம்வரை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதற்குமேல் சொன்னதில்லை. பாயசம் வந்துவிடும், பேச்சை மாற்றிவிடுவேன்.

அத்தை பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் தங்கை. மூல நட்சத்திரம், அதனால் வந்த ஜாதகங்களெல்லாம் வந்த வழியே போயின. முப்பதைத் தாண்டியபோது தி. நகரில் ஒரு பட்டுக்கடையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வீட்டுப் பெண் கடையில் வேலை செய்வதா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது, "போகட்டும், மூச்சு விட இடம் வேணுமோன்னோ" என்று அனுமதி கொடுத்ததே பெரியப்பாதான். முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் திருப்பத்தில் மறையும்வரை வெயிலில் நின்றார் என்று அம்மா சொல்வாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குப் போன பிறகு அத்தை வேறு ஆளாகிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் குழிக்கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். "குட் மார்னிங், சில்க்ஸ்! ஒன் மொமெண்ட் ப்ளீஸ்!" வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது. வெல்லப்பாகில் கம்பிப் பதம் வரும்போது ஒரு இழை நீளுமே, அப்படி நீளும். கடைசியில் தலையை லேசாகச் சாய்த்து, "தேங்க் யூ, குட்பை" என்பாள். கடை முதலாளி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், "கடை பெருசாத் தெரியணும்னா போனு கடைசியில ஒரு இங்கிலீசு வேணும்" என்பாராம்.

அந்த வாரம் நாங்கள் 'ஜி' எழுத்தில் இருந்தோம்.

'குட்பை' வந்தது. நான்தான் படித்தேன். பழைய காலத்தில் 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்று சொன்ன வாக்கியம் தேய்ந்து தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது என்று இருந்தது.

"எந்தக் கடவுள்?" என்றார் பெரியப்பா.

"போடலை. அவா கடவுளாத்தான் இருக்கும்."

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். கரண்டி அவள் கையில்தான் இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவே?"

அத்தை சிரித்தாள். "அண்ணா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குத்தான் எல்லாம். முன்பின் தெரியாதவாளுக்கு நாள் பூராவும் அவா சாமியை அனுப்பி வெச்சுண்டிருக்கே. இனிமே வேண்டாம். தீட்டு."

கரண்டி சாம்பாருக்குள் திரும்பிப் போயிற்று. பெரியப்பா அனுமதி கொடுத்த வேலை. பெரியப்பா போட்ட நிபந்தனை.

மறுநாள் குட்பை இருந்த இடத்தில் நமஸ்காரம் என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேர் அர்ச்சனை எத்தனை மணிக்கு என்று கேட்டார்களாம். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். வணக்கம் சொன்னால் பெரியப்பாவுக்குக் கட்சி மேடை ஞாபகம் வந்துவிடும். 'வெச்சுடறேன்' என்றாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவளுக்கும் தோன்றியது. ஆனால் வாய் வழக்கமான சொல்லைத் தேடிப் போகும், அது கூடாது என்று ஞாபகம் வரும், அந்தத் தடுமாற்றத்துக்குள் கை டெலிபோன் போர்டிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிடும், லைன் போய்விடும். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போய்ப் போய்த் திரும்புகிற மாதிரி இருக்கு என்று அம்மாவிடம் சொன்னாள். நாளடைவில் ஒன்றுமே சொல்லாமல் போனை வைப்பதே பழக்கமாகிவிட்டது.

அண்ணாச்சி வீட்டில் அப்போது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து சம்பந்தியம்மாள் கடைக்கு ட்ரங்க் கால் போட்டாள். அண்ணாச்சி சீட்டில் இல்லை. அத்தையே விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். கூரைப்புடவை என்ன நிறம், தாலி எப்போது உருக்கக் கொடுக்கிறது, எல்லாம் மங்கல சமாசாரம். கேட்டு முடித்ததும், "சொல்லிடறேன்" என்றவள், டக்கென்று ஒயரைப் பிடுங்கினாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். 'போறேன்' என்றால்கூட வாயைப் பொத்துவார்கள். சொல்லாமல் எழுந்து வருவது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான். சாவு வீடு. அங்கே மட்டும் விடைபெறுவதில்லை. திரும்பி வருவேன் என்று அந்த வாசலில் சொல்லக் கூடாது.

சம்பந்தியம்மாள் அதைத்தான் நினைத்துக்கொண்டாள். கல்யாணக் காரியம் பேசுகிற போனை, துட்டி வீட்டிலிருந்து எழுந்து போகிற மாதிரி வைத்துவிட்டாளே என்று இரவெல்லாம் அழுகையாம். அபசகுனம், தேதியை மாற்றலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மென்று விழுங்கி, கடைசியில் பெரியப்பாவின் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

ஒரு மடியான சொல்லுக்கு ஆசைப்பட்டு, உள்ளதிலேயே பெரிய தீட்டை ஒரு கல்யாண வீட்டுக்குள் போன் வழியாக அனுப்பி வைத்திருந்தோம். பெரியப்பாவுக்கு இது கடைசிவரை உறைத்ததா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, கல்யாணப் பத்திரிகை. வெள்ளை வேட்டி, சந்தன வாசனை. வேலையை விட்டு நிறுத்தக் கடையிலேயே ஒரு வார்த்தை போதும். மனிதர் பத்திரிகை வைத்து அழைக்கிற சாக்கில் கேட்க வந்திருந்தார். அத்தை அடுக்களை நடையில், கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஐயா, பெரிய விசயம் ஒண்ணுமில்ல" என்றார். "ஒங்க தங்கச்சி கொரலக் கேக்கவே கடைக்கு போன் போடுதவன் இருக்கான். வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வச்சாப் போதும். நீங்க என்னமோ வேண்டாம்னு சொல்லியிருக்கீயளாம்லா?"

"அந்த வார்த்தை எங்களுக்கு ஆகாது."

"கெட்ட வார்த்தையா ஐயா?"

"கெட்ட வார்த்தையில்லை. அவா சாமி உன் கூட இருக்கட்டும்னு அர்த்தம்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதான சொல்லுது?"

பெரியப்பா தட்டிலிருந்த பத்திரிகையைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"எந்தச் சாமியா இருந்தா என்னய்யா, கூட இருந்தாச் சரி. எங்க ஊர்ல மாதா கோயில் சப்பரத்துக்கு நாங்கதான் பூக் கொடுக்கோம். அவுக நம்ம அம்மன் கொடைக்கு வாராவ. ஒண்ணும் ஒட்டிக்கிடல."

"உங்களுக்கு எல்லாம் ஒண்ணு" என்றார் பெரியப்பா. "எங்களுக்கு அப்படியில்லை."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அந்தச் சமயம் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வீட்டில் வெளியார் டம்ளர் ஒன்று உண்டு. ஓரம் நசுங்கியது. கொல்லைக் குழாய்க்கு மேலே ஜன்னல் விளிம்பில் தனியாக இருக்கும். எலக்ட்ரீஷியன், பேப்பர்காரர், யார் வந்தாலும் அதில்தான். அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கை அனிச்சையாக அந்த ஜன்னலுக்குப் போகும், அவ்வளவுதான். இன்று அடையாறு ஃப்ளாட்டில் என் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளுக்கும் ஒரு தனிக் கப் இருக்கிறது. சூரியகாந்திப் பூப் போட்டது, அழகாக இருக்கும். 'அது அவங்க கப், அவங்களுக்குப் பிடிச்சது' என்று வருகிறவர்களிடம் விளக்குவேன். யாரும் கேட்பதற்கு முன்பே விளக்குவேன்.

அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். நசுங்கிய ஓரத்தைப் பார்த்தார். பிறகு தூக்கி, உதட்டில் படாமல் நிதானமாகக் குடித்து முடித்தார். எழுந்து நின்றார்.

"கொழாய் எங்கிட்டு இருக்கும்மா?"

கை கழுவ என்று நினைத்து அம்மா கொல்லைப் பக்கம் காட்டினாள். அவர் டம்ளரோடு நடந்து போனார். குழாயைத் திறந்து அதை அலம்பினார். உள்ளே, வெளியே, அடியில். ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தார்.

"ஐயையோ, நீங்க எதுக்கு..." என்று அம்மா பதறினாள்.

"இருக்கட்டும்மா. எங்க அப்பாகிட்ட பழகினது. அந்தக் காலத்துல ஒங்க ஆளுக வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சா, கழுவிக் கவுத்திட்டுத்தான் வரணும்."

குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே கை அப்படிப் போயிற்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. குத்தலாக இருந்திருந்தால் தேவலை. அப்பா கையில் பேப்பர் இருந்தது, அது குலுங்கவில்லை. எங்கள் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி மட்டும்தான் அந்த வீட்டில் அன்று வெட்கப்பட வேண்டாதவர். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு நிலைப்படியைத் தாண்டினார்.

"தங்கச்சி நாளைக்கு வரட்டும். வராட்டியும் சங்கடமில்ல. போயிட்டு வாரேன் ஐயா. போயிட்டு வாரேம்மா."

எல்லோருக்கும் முறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை நடையிலிருந்து வெளியே வந்தாள். "அண்ணா, சொல்லலாமா, கூடாதா?"

"கூடாது."

"வேலை போயிடும்."

"போகட்டும். ஆத்துல சாதத்துக்கா குறைச்சல்?"

"இல்லை" என்றாள் அத்தை. "சாதத்துக்குக் குறைச்சல் இல்லை."

கொல்லைக்குப் போனாள். கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து வந்து, அடுக்களையில் மிச்சமிருந்த காபியை அதில் ஊற்றி, கூடத்தின் நடுவில் நின்று, உதட்டில் வைத்துக் குடித்தாள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா மடித்துணி தொங்கும் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் ரிக்‌ஷா நின்றது. ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை. தி. நகரில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி ஒன்று இருந்தது. ராத்திரியே தீர்மானித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"இன்னாமா, ஒரே பொட்டிதானா?" என்றான் ரிக்‌ஷாக்காரன்.

"ஆமாம். கிளம்பு."

"சொல்லிக்கினு வாம்மா, நான் நிக்கிறேன். இன்னா அவசரம்?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் பெரியப்பா விபூதி குழைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் விரல் நின்றிருந்தது. ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். எந்தப் பூர்வீகமாக இருந்தாலும் அன்றைக்கு வாங்கிக்கொண்டிருப்பார்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ரிக்‌ஷா குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

ரிக்‌ஷாக்காரனுக்குக்கூடப் புரிந்திருக்கும், எந்த மாதிரி வீட்டிலிருந்து அப்படிக் கிளம்புவார்கள் என்று. அதன் பிறகு அத்தையைக் கோயிலில் பார்த்தோம், கல்யாணங்களில் பார்த்தோம். பந்தியில் எனக்கு அப்பளம் எடுத்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டுக்குள் பார்த்ததில்லை. அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் குறித்த தேதியில் நடந்ததாம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அகராதி 'ஜி'யோடு நின்றது. பெரியப்பா கூப்பிடவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டு, "வாடி, டாக்டராத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார். தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் போன். கறுப்புப் போன், எண்களின் வட்டத்தில் குட்டிப் பூட்டு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டாக்டராத்து மாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டாள்.

பெரியப்பா எண்களைத் தடவித் தடவிச் சுற்றினார். புரை விழுந்த கண்ணுக்கு அந்த எண் எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"குட் மார்னிங், சில்க்ஸ்!"

வெல்லப்பாகு இழை அப்படியே நீண்டது.

"ஹலோ? யார் வேணும், சொல்லுங்கோ. ஹலோ?"

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் இந்தப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமும் மூச்சுதான். பிறகு அத்தை, ஆபரேட்டர் குரலில் இல்லாமல் வீட்டுக் குரலில், மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னாள்.

"குட்பை."

லைன் போன பிறகும் பெரியப்பா ரிசீவரை வைக்கவில்லை.

"கிடைச்சுதா?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றார். பொய் சொல்லாத மனிதர் என்று அவருக்குத் தெருவில் பெயர்.

அடுத்த வாரமும் ராங் நம்பர்தான். அதற்கு அடுத்த வாரமும். மாமி கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் தலை வாசலில் தெரிந்ததும் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத அடுக்களைக்குள் போய், பாத்திரங்களைச் சத்தமாக நகர்த்திக்கொண்டிருப்பாள்.